வீட்டிலேயே பிளாஸ்டிக் இன்ஜெக்ஷன் மோல்டிங் இயந்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிப் பக்கம் மாமாவின் தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய்களின் கடைசி முனையை மடித்துச் செருகும் '8' வடிவ வளையங்கள் வெயிலில் வெடித்துக்கொண்டே இருந்தன. அவற்றை நாமே செய்தால் என்ன என்ற எண்ணத்தில்தான் கையால் இழுக்கும் ஒரு சின்ன இயந்திரத்தை வீட்டில் கட்டினேன். அதைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. உதாரணம் வேண்டிய இடத்தில் எல்லாம் அந்த 16 மி.மீ. குழாய்க்கான வளையத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

இதை உண்மையிலேயே வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். முறுக்கு உரல் வேலை செய்வதைப் பார்த்திருந்தால் பாதி புரிந்த மாதிரிதான். மாவுக்குப் பதில் உருகிய பிளாஸ்டிக், உரலுக்குப் பதில் சூடான இரும்புக் குழாய், எண்ணெய்ச் சட்டிக்குப் பதில் மூடிய அச்சு. குழாய்க்குள் பிளாஸ்டிக் மணிகளைப் போட்டு உருக்கி, மேலிருந்து ஒரு தண்டால் அழுத்தினால் அடியில் உள்ள சிறு துளை வழியாக அச்சுக்குள் போய் நிரம்பும். ஆறியதும் அச்சைப் பிரித்துப் பொருளை எடுக்கலாம்.

3டி பிரிண்டர் இருக்கும்போது இது எதற்கு?

ஒன்றிரண்டு வேண்டுமென்றால் பிரிண்டரே போதும், இதில் இறங்க வேண்டாம். அதே பொருள் 100, 200 என்று வேண்டும்போதுதான் இதற்கு அர்த்தம் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. பிரிண்டரில் வருவது அடுக்கடுக்காக ஒட்டிய பொருள், இழுத்தால் அடுக்கு அடுக்காகப் பிரியும். மோல்டிங்கில் அந்த அடுக்குகள் கிடையாது. மடித்த குழாயின் விறைப்பை நாள் முழுக்கத் தாங்க வேண்டிய வளையத்துக்கு அது பெரிய வித்தியாசம்.

தண்டு அழுத்தும் வகையா, ஸ்க்ரூ வகையா?

வீட்டுக்குத் தண்டு வகைதான். இந்தத் தொழில் தொடங்கியதும் அப்படித்தான். 1872-இல் அமெரிக்காவில் ஹையாட் சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய முதல் இயந்திரம், செல்லுலாய்டு எனும் ஆரம்பகாலப் பிளாஸ்டிக்கைத் தண்டால் அழுத்தும் ஒன்று. 1946-இல் ஜேம்ஸ் வாட்சன் ஹென்ட்ரி சுழலும் ஸ்க்ரூ வைத்த இயந்திரத்தைக் கொண்டுவந்தார். ஸ்க்ரூ தள்ளுவதோடு நிற்காமல் பிளாஸ்டிக்கைப் பிசைந்து சீராக உருக்கவும் செய்யும். அந்த வசதி நம் இயந்திரத்தில் இல்லை. அதற்கு ஈடாக நாம் கொடுப்பது நேரம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிப் பிரச்சினைகள் வராது.

என்னென்ன பாகங்கள் வேண்டும்? எங்கே கிடைக்கும்?

முக்கியமானது பேரல், அதாவது பிளாஸ்டிக் உருகும் இரும்புக் குழாய். 50 மி.மீ. விட்டமுள்ள ஈஎன் 8 ரக இரும்பு உருளை, 150 மி.மீ. நீளம், நடுவில் 20 மி.மீ. துளை. துளையை வெறும் டிரில்லோடு விடாமல் ரீமர் போட்டு வழவழப்பாக்கச் சொல்லுங்கள். கோவையில் ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் இதைச் செய்துவிடுவார்கள். பேரலின் மேல்பகுதியில் மணிகளைப் போட ஒரு சாய்வான வாய், அடியில் மரையில் திருகும் நாசில் (உருகியது வெளியேறும் முனை). நாசில் துளை 3 மி.மீ.

தண்டு துளையைவிட 0.05 மி.மீ. சிறியதாக இருந்தால் போதும். இடைவெளி கூடினால் உருகிய பிளாஸ்டிக் மேலேறித் தண்டைச் சுற்றி இறுகிவிடும். தண்டையும் இரும்பிலேயே செய்யுங்கள். பித்தளை அழகாகக் கடையவரும், ஆனால் சூட்டில் இரும்பைவிட அதிகமாக விரியும். 200 டிகிரி ஏறும்போது 20 மி.மீ. பித்தளை சுமார் 0.08 மி.மீ. பெருக்கும், இரும்பு 0.05 மி.மீ. அளவுக்குத்தான் பெருக்கும். வைத்திருந்த இடைவெளியில் பாதிக்குமேல் அதிலேயே போய்விடும்.

சட்டத்துக்கு சி சேனலும் ஆங்கிளும் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். மின் சாமான்களுக்குச் சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்குப் போகலாம்.

கையால் அழுத்தினால் போதுமான அழுத்தம் வருமா?

சின்னப் பொருளுக்கு வரும். கணக்கு எளிது. நெம்புகோலின் சுழல்முனையிலிருந்து தண்டு 7 செ.மீ. தள்ளி, கைப்பிடி 84 செ.மீ. தள்ளி இருந்தால், கையின் பலம் 12 மடங்காகும். கைப்பிடியில் 35 கிலோ பலம் கொடுத்தால் தண்டில் 420 கிலோ. 20 மி.மீ. தண்டின் பரப்பு 3.14 சதுர செ.மீ. ஆக, சதுர செ.மீ.க்கு சுமார் 130 கிலோ.

தொழிற்சாலை இயந்திரங்கள் 700, 1,000 என்று போகும். நம்மிடம் இருப்பது அதில் ஒரு சிறு பங்கு. அதிலும் ஒரு பகுதி நாசிலிலும் வழியிலும் செலவாகிவிடும். அதனால் 1.5 மி.மீ.க்குக் குறைந்த மெல்லிய சுவருள்ள டப்பா, மூடி போன்றவற்றுக்கு ஆசைப்பட வேண்டாம்.

இங்கே பலர் செய்யும் தப்பு, நிறையப் பிளாஸ்டிக் பிடிக்கட்டும் என்று தண்டைப் பெரிதாக்குவது. 25 மி.மீ. தண்டு போட்டால் பரப்பு 4.9 சதுர செ.மீ. ஆகிவிடும். அதே கை பலத்துக்கு அழுத்தம் 86 கிலோவாக இறங்கிவிடும். தண்டு சிறுத்தால் அழுத்தம் கூடும், கொள்ளளவு குறையும். இரண்டுக்கும் நடுவில் 20 மி.மீ. எனக்குப் பொருத்தமாக இருந்தது.

சட்டத்தைத் தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். முதல் நாள் மேஜை மேல் சும்மா வைத்து இழுத்தபோது முழு இயந்திரமும் என் பக்கம் சாய்ந்தது. பேரல் 220 டிகிரியில் இருந்தது. கையைத் தாங்கல் கொடுக்க நீட்டாமல் பின்னால் குதித்ததால் தப்பித்தேன்.

எப்படிச் சூடேற்றுவது? கேஸ் அடுப்பு போதுமா?

போதாது. சூடு ஒரே அளவில் நிற்க வேண்டும், அதைத் தீயில் பிடிக்க முடியாது. பேரலைச் சுற்றி இறுக்கும் மைக்கா பேண்ட் ஹீட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் 200 வாட். பேரல் ஏறக்குறைய 2 கிலோ இரும்பு. 400 வாட்டில் 220 டிகிரிக்கு வர 15 நிமிடம் பிடிக்கும். சூட்டை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிளை பேரலில் சிறு குழி போட்டு நாசில் பக்கமாகச் செருகுங்கள். ஹீட்டரின் மேல்தகட்டில் கட்டிவைத்தால் தப்பான சூட்டைக் காட்டும். சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் பிஐடி கன்ட்ரோலர் ஒன்று, அது இயக்க ஒரு எஸ்எஸ்ஆர் ரிலே (ஹீட்டரை இயக்கி அணைக்கும் மின்னணு சுவிட்ச்), ரிலேயின் சூட்டை இழுக்க அதன் அடியில் அலுமினிய ஹீட் சிங்க்.

எஸ்எஸ்ஆர் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அது பழுதானால் பெரும்பாலும் அணைந்து நிற்காது, மின்சாரத்தை விட்டபடியே நிற்கும். கன்ட்ரோலர் 'போதும்' என்று சொன்னாலும் ஹீட்டர் தொடர்ந்து சூடாகும். ஆகவே அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சூட்டு வெட்டி ஒன்றை ஹீட்டர் வயரில் தனியாகப் போடுங்கள். இயந்திரம் ஓடும்போது அந்த இடத்தை விட்டு நகரவும் கூடாது. பேரல், சட்டம், ஹீட்டர் உறை மூன்றுக்கும் எர்த் கட்டாயம். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் இதை ஓட்டாதீர்கள். சூட்டில் சாதாரண வயர் உருகும், கண்ணாடி நார் உறை போட்ட வயர் வாங்குங்கள்.

கன்ட்ரோலர் 220 காட்டுகிறது, ஆனால் தண்டு இறங்கவில்லை. ஏன்?

220 இருப்பது இரும்பில், பிளாஸ்டிக்கில் இல்லை. சூட்டைக் கடத்துவதில் பிளாஸ்டிக் இரும்பைவிட 200 மடங்குக்கும் மேல் மந்தம். 20 மி.மீ. துளையில் ஓரத்தில் இருப்பது உருகிப் பளபளத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் இருக்கும் மணிகள் இன்னும் கல்லாக இருக்கும். மணிகளைப் போட்ட பிறகு 8 முதல் 10 நிமிடம் சும்மா விட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை 260-க்கு ஏற்றினால் ஓரத்தில் இருப்பது கருகும், நடு அப்படியே இருக்கும்.

ஒவ்வொரு முறையும் 10 நிமிடமா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பேரலில் ஏறக்குறைய 18 கிராம் உருகிய பிளாஸ்டிக் நிற்கும். வளையம் 2 கிராம், அச்சுக்குள் போகும் வழியில் இறுகி நிற்கும் பிளாஸ்டிக் 1 கிராம். ஒரு அழுத்தத்துக்கு 3 கிராம்தான் செலவு. எடுத்ததும் மேலே 3 கிராம் போட்டுவிட்டால், அது அடிக்கு வருவதற்குள் ஆறு அழுத்தங்கள் கடந்திருக்கும். அதற்குள் தானாகவே 15 நிமிடம் ஆகியிருக்கும். ஒரு சின்னக் கரண்டியில் அளவு குறித்துவைத்து ஒவ்வொரு தடவையும் போடுங்கள்.

எந்தப் பிளாஸ்டிக்கில் ஆரம்பிப்பது?

பிபி (பாலிபுரோப்பிலீன்) அல்லது எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்). பிபி சுமார் 165 டிகிரியில் உருகும், 200 முதல் 230 வரை வேலை செய்ய வசதி. எச்டிபிஇ 130-ஐ ஒட்டி உருகும், 190 முதல் 220 போதும். இரண்டும் ஈரம் உறிஞ்சாதவை, கொஞ்சம் கூடக்குறையச் சூடானாலும் பொறுத்துக்கொள்பவை. ஏபிஎஸ் எனும் கெட்டியான பிளாஸ்டிக் வேண்டுமென்றால் 80 டிகிரியில் 3, 4 மணி நேரம் உலர்த்திய பிறகுதான் போட வேண்டும். நைலானும், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கும் ஈரத்தோடு சூடானால் வலுவிழந்துபோகும், ஆரம்பத்தில் தொட வேண்டாம்.

பிவிசி எந்தக் காலத்திலும் வேண்டாம். தண்ணீர்க் குழாய்த் துண்டு, வயர் உறை, பழைய செருப்பு என்று எந்த வடிவத்திலும் வேண்டாம். சூடு கூடினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் அரிக்கும், பேரலையும் அரிக்கும். அசிட்டல் எனும் வெள்ளைப் பல்சக்கரப் பிளாஸ்டிக்கும் அதிகச் சூட்டில் ஃபார்மால்டிஹைடு விடும். இவை இரண்டும் ஒரே பேரலில் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது.

வெயிலில் கிடக்கும் பொருளுக்கு இன்னொரு விஷயம்: வெறும் பிபி வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். தோப்பு வளையத்துக்கு எச்டிபிஇயோடு கறுப்பு மாஸ்டர்பேட்ச் (நிறம் செறிந்த மணிகள்) 2, 3 சதவீதம் கலக்கிறேன். அந்தக் கரிக் கறுப்பு வெறும் நிறத்துக்காக இல்லை, புற ஊதாக் கதிரை அதுவே தடுத்துக்கொள்ளும்.

பழைய பாட்டில் மூடிகளை உருக்கலாமா?

தாராளமாக. எனக்குப் பிடித்த மூலப்பொருளே அதுதான். தண்ணீர், குளிர்பான பாட்டில்களின் மூடி பெரும்பாலும் எச்டிபிஇ, சில பிபி. உள்ளே 2 என்ற எண் இருந்தால் எச்டிபிஇ, 5 என்றால் பிபி, 3 என்றால் பிவிசி. எண் இல்லாததைத் தண்ணீரில் போடுங்கள். பிபியும் எச்டிபிஇயும் தண்ணீரைவிட இலேசானவை, மிதக்கும். பிவிசியும் பெட்டும் மூழ்கும். மூழ்கியதை ஒதுக்கிவிடுங்கள்.

மூடிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, 4, 5 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் நீராவியாகி நாசில் வழியே சீறும். மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்ததைச் சாப்பாட்டுப் பாத்திரமாகவோ குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மையாகவோ கொடுக்காதீர்கள்.

நெதர்லாந்தின் டேவ் ஹாக்கன்ஸ் 2013-இல் தொடங்கிய 'பிரெஷ்யஸ் பிளாஸ்டிக்' திட்டத்தில், துண்டாக்கும் இயந்திரத்துக்கும் இன்ஜெக்ஷன் இயந்திரத்துக்கும் வரைபடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. கத்தரிக்கோலால் வெட்டிக் கை வலித்தவர்கள் அதைப் பாருங்கள்.

அச்சு எப்படிச் செய்வது?

பட்டறையில் டை என்பார்கள். இயந்திரத்துக்குச் செலவழித்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் இதற்கு ஒதுக்குங்கள். சுமாரான இயந்திரத்தில் நல்ல டை வேலை செய்யும். நல்ல இயந்திரம் மோசமான டையைக் காப்பாற்றாது.

என்னுடையது 6061 அலுமினியத்தில் 20 மி.மீ. கனமுள்ள இரண்டு தட்டுகள். அலுமினியம் வெட்டச் சுலபம், சூட்டையும் வேகமாக இழுத்துக்கொள்ளும். இரண்டு தட்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே மூச்சில் துளைபோட்டு தட்டுகளை நேராக உட்காரவைக்கும் 6 மி.மீ. டவல் பின் (dowel pin) இரண்டு வையுங்கள். ஒரு பின்னை வேண்டுமென்றே சற்றுத் தள்ளி வைத்தால் தட்டுகளைத் தலைகீழாகப் பொருத்தும் தவறு நடக்காது. அதன்பிறகுதான் வடிவத்தைக் குடைய வேண்டும். பின் வைக்காமல் முதலில் குடைந்துவிட்டால் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று உட்காராது.

அளவைக் குறிக்கும்போது சுருக்கத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். பிபி ஆறும்போது 1 முதல் 2.5 சதவீதமும், எச்டிபிஇ 1.5 முதல் 3 சதவீதமும் சுருங்கும். எனக்கு வேண்டிய துளை 20 மி.மீ. டையில் அதை 20.4 என்று வைத்தேன். நேர்ச்சுவர் எதற்கும் 1 அல்லது 2 டிகிரி சாய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் ஆறிய வளையம், அதன் துளைக்காக டையின் நடுவில் விட்ட குமிழைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், உளியால் கூட எடுக்க வராது.

பிளாஸ்டிக் உள்ளே வரும் வழி நாசிலை விட அகலமாக, 4 மி.மீ.யில் தொடங்கி, உள்ளே போகப்போக விரிய வேண்டும். அப்போதுதான் அதில் இறுகிய பிளாஸ்டிக் உருவிக்கொண்டு வரும். பொருளைத் தொடும் கழுத்து 1.5 மி.மீ. காற்று வெளியேற, தட்டு முகத்தில் 0.03 மி.மீ. ஆழத்துக்கு ஒரு கீறல். பிளாஸ்டிக் நுழையாது, காற்று போய்விடும்.

கழுத்தை எங்கே வைப்பது என்பதில் நான் பாடம் கற்றேன். எட்டின் இடுப்பில் வைத்தேன். பிளாஸ்டிக் ஒவ்வொரு வளையத்தையும் இரண்டு கையாகப் பிரிந்து சுற்றிவந்து, கடைக்கோடியில் ஒன்றோடொன்று சேர்கிறது. வழியிலேயே பாதி ஆறிப்போன இரண்டு முனைகள் சந்திக்கும் இடம் அது. முதலில் செய்த வளையங்கள் எல்லாம் அந்த இடத்திலேயே விரிசல்விட்டன. டையை 60 டிகிரிக்குச் சூடாக்கி, காற்றுக் கீறலை அதே இடத்துக்கு மாற்றியபிறகு உடையவில்லை.

டையை மூட நான்கு எம் 8 (8 மி.மீ.) போல்ட் போதும். பொருளும் வழியும் சேர்ந்து மேலிருந்து பார்த்தால் 5 சதுர செ.மீ. பரப்பு. 130 கிலோ அழுத்தம் முழுதாக உள்ளே வந்தாலும் 650 கிலோதான் டையைப் பிளக்கப் பார்க்கும். ஒரு நல்ல எம் 8 போல்ட்டே ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். கையகலப் பொருள் என்றால் கணக்கு வேறு: 50 சதுர செ.மீ.க்கு ஆறரை டன்.

ஒரு வளையம் எடுக்கும் முறையைச் சொல்லுங்கள்.

டையைத் தோசைக்கல்லின் மேல் வைத்துச் சூடாக்கி, போல்ட்டை இறுக்கி, நாசிலுக்கு நேராகப் பொருத்துங்கள். முன்பு நாசிலில் நின்றதை ஒரு தகட்டில் சிறிது வடித்துவிடுங்கள். நெம்புகோலை ஒரே சீராக, தயங்காமல் இழுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கேயே இறுகிவிடும். நிரம்பியதும் கை தானாக நிற்கும், அப்போது விட்டுவிடாமல் 8 முதல் 10 விநாடி அழுத்தியபடியே இருங்கள். ஆறும்போது சுருங்கும் இடத்தை நிரப்ப அந்த அழுத்தம் வேண்டும். அப்புறம் 30, 40 விநாடி ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிரித்து எடுங்கள். கழுத்தைக் கத்தரித்தால் முடிந்தது. ஒட்டினால் சிலிக்கான் ஸ்ப்ரே இலேசாக அடிக்கலாம்.

பொருள் சரியாக வரவில்லை. எங்கே பார்ப்பது?

பாதியிலேயே நின்றுவிட்டால் டை குளிர்ந்திருக்கிறது, அல்லது நடுவில் உருகவில்லை. அழுத்தத்தைக் கடைசியில்தான் சந்தேகப்பட வேண்டும். மேலே பள்ளம் விழுந்தால் அழுத்திப் பிடித்த நேரம் போதவில்லை, அல்லது அந்த இடம் அதிகக் கனம். ஓரத்தில் பிசிறு வந்தால் தட்டுகள் சரியாக உட்காரவில்லை, நடுவில் ஒரு தூசி கிடந்தாலும் போதும். வெள்ளிக் கோடுகள் ஈரத்தைக் காட்டும். கடைக்கோடியில் கரும்புள்ளி வந்தால், வெளியேற வழியில்லாமல் சிக்கிய காற்று அழுத்தத்தில் சூடாகிப் பிளாஸ்டிக்கைக் கருக்கியிருக்கிறது என்று பொருள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை நோட்டில் எழுதுங்கள்.

எவ்வளவு ஆபத்தானது?

உருகிய பிளாஸ்டிக் தோலில் பட்டால் தண்ணீர்போல் வழிந்துபோகாது, ஒட்டிக்கொண்டு சுடும். முழு முகக் கவசம், தோல் கையுறை, மூடிய செருப்பு, பருத்தி உடை. பாலியெஸ்டர் சட்டையோடு பக்கத்தில் வராதீர்கள். மணிகள் போடும் வாய்க்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். நாசில் அடைத்திருந்தால் மேலும் பலம்போட்டு இழுக்காதீர்கள், அடைப்பு விட்டதும் சீறும். அழுத்தத்தை விட்டு, நாசிலைச் சூடாக்கி, பிறகு சுத்தம் செய்யுங்கள்.

சுட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிய்க்கக் கூடாது, தோலோடு வரும். அப்படியே மருத்துவரிடம் போங்கள். மூடிய அறையில் வேண்டாம். மொட்டை மாடிக் கொட்டகையோ, திறந்த போர்ட்டிகோவோ நல்லது. குழந்தைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் ஓட்டுவது என் வழக்கம்.

எவ்வளவு செலவாகும்? விற்று சம்பாதிக்கலாமா?

எனக்கு இயந்திரம் 15,000 ரூபாய்க்குள் முடிந்தது, வெல்டிங்கை நானே செய்தேன். ஊருக்கு ஊர் இது மாறும். டை குடையும் கூலி தனி, வடிவத்தைப் பொறுத்து அது இயந்திரத்தையே மிஞ்சும்.

வேகம் மணிக்கு 20, 25. தோப்புக்கும் தெரிந்தவர்களுக்கும் போதும். கடையில் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும் சாமானோடு போட்டி போட முடியாது. கடையில் கிடைக்காததைச் செய்யுங்கள்: பழைய ரேடியோவின் குமிழ், உற்பத்தி நின்றுபோன தையல் இயந்திரத்தின் சிறு பாகம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது, அந்தப் பக்கம் போக வேண்டாம்.

முறையாகக் கற்றுக்கொள்ள இடம் உண்டா?

சென்னை கிண்டியில் 1968-இல் தொடங்கிய மத்திய அரசின் சிப்பெட் நிறுவனம் இந்தத் துறைக்கென்றே இருக்கிறது. டை வடிவமைப்பில் ஆழமாக இறங்க நினைப்பவர்களுக்கு நல்ல இடம். அதற்கு முன் பக்கத்து டை பட்டறையில் ஒரு நாள் நின்று பாருங்கள்.

வேலை முடிந்ததும் அப்படியே அணைத்துவிடலாமா?

கூடாது. சூடு இருக்கும்போதே பேரலைக் காலிசெய்து, கடைசியாகக் கொஞ்சம் வெறும் எச்டிபிஇ போட்டு வடித்து, தண்டை முழுதாக வெளியே உருவிவிடுங்கள். உள்ளே விட்டு ஆறவைத்தால் மறுநாள் தண்டும் பேரலும் ஒன்றாக இறுகியிருக்கும். அப்படி ஆகிவிட்டால் சுத்தியலை எடுக்காதீர்கள், 200 டிகிரிக்கு ஏற்றி 15 நிமிடம் விட்டால் தானாகக் கழன்று வரும். நாசிலையும் கழற்றிப் பித்தளைக் கம்பியால் துடைத்து வையுங்கள். எஃகுக் கம்பி துளையைக் கீறிவிடும்.